ஆங்கிலக் குடும்பப் பெயரின் மூலத்தைத் தேடுவது எப்படி?

டக்கர், ஃபுல்லர், வாக்கர் ஆகிய மூன்று ஆங்கிலக் குடும்பப் பெயர்களும் ஒரே தொழிலிலிருந்து பிறந்தவை. தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியைத் தொட்டியிலிட்டு, நீரும் ஒருவகைக் களிமண்ணும், சில இடங்களில் புளித்த சிறுநீரும் சேர்த்துக் காலால் மிதித்து, எண்ணெய்ப் பிசுக்கு நீங்கி இழைகள் இறுகும்படி செய்தவர்களை, இடைக்கால இங்கிலாந்தின் தென்மேற்கில் டக்கர் என்றும், தென்கிழக்கில் ஃபுல்லர் என்றும், வடக்கில் வாக்கர் என்றும் அழைத்தனர். டெவன் பகுதியின் எக்ஸெட்டர் நகரில் இத்தொழிலாளர் சங்கத்தின் கூடம் இன்றும் டக்கர்ஸ் ஹால் என்றே வழங்குகிறது. எனவே ஒரு பெயரின் பொருளையும் அது வழங்கிய வட்டாரத்தையும் சேர்த்தே தேட வேண்டும்.

ஊர், தொழில், தந்தையின் பெயர், பட்டப்பெயர் ஆகிய நான்கனுள் பெயர் எதிலிருந்து வந்தது என்பதை முதலில் பாருங்கள். இன்றைய எழுத்து வடிவத்தை மட்டும் நம்புதல் கூடாது. வாக்கர் என்றதும் நடப்பவர் என்று தோன்றும். ஆனால் அதன் வேர், புரட்டுதல், உருட்டுதல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையாகும். நியூகாசில் அருகே வாக்கர் என்றே ஓர் ஊரும் உள்ளதால், அவ்வட்டாரக் குடும்பங்கள் சிலவற்றுக்கு ஊர்ப்பெயரே மூலமாக இருக்கவும் கூடும். இத்தகைய ஐயங்களுக்கு 2016-இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு குடும்பப் பெயர் அகராதி மிகவும் பயன்படும். ஒவ்வொரு பெயருக்கும் பழைய ஆவண வடிவங்களை அது ஆண்டுடன் தருகிறது.

பரவலை அறிய 1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே சிறந்த தொடக்கம். அதில் வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் எல்லாப் பெயர்களும் லண்டனிலும் தொழில் நகரங்களிலும் குவிந்திருப்பதாகத் தோன்றும். ஒவ்வொரு மாவட்டத்திலும் அங்குள்ள மக்களுள் இத்தனை பேருக்கு ஒருவர் என்னும் விகிதத்தைக் கணக்கிட்டால்தான் டக்கர் தென்மேற்குப் பெயர் என்பது தெளிவாகும்.

குறிப்பிட்ட குடும்பத்தைத் தேடுவோர், 1837 ஜூலையில் தொடங்கிய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் வழியே தலைமுறை தலைமுறையாகப் பின்சென்று, 1538-இல் ஆணையிடப்பட்ட திருச்சபைப் பதிவேடுகளை அடையலாம். இப்பதிவேடுகள் பல ஊர்களில் முழுமையாகக் கிடைப்பதில்லை. அதற்கும் முன்னே 1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்கள் உள்ளன. எழுத்தர்கள் காதில் விழுந்தபடியே எழுதியதால், ஒரே பெயரைப் பல எழுத்துக் கூட்டல்களில் தேடுவது இன்றியமையாதது. தொழிற்பெயர்கள் பல ஊர்களில் தனித்தனியே தோன்றியவை. ஆகையால் பெயர் ஒத்திருப்பதால் மட்டும் இரு குடும்பங்களை ஒரே மரபில் சேர்த்துவிடாதீர்கள்.