விண்டோஸ், மேக், லினக்ஸ்: மூன்றுக்கும் ஒரே ரகசியக் கோப்பு

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒருவர் விண்டோஸில், ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவில் இன்னொருவர் மேக்கில், சர்வர் கேப் டவுனில் லினக்ஸில். கோயில் நன்கொடைச் செயலியை இப்படிச் சிதறியிருந்து நடத்தும் குழுவில் தரவுத்தளக் கடவுச்சொல்லும் வங்கிக் கட்டணச் சாவியும் வாட்ஸ்அப்பில் கைமாறுவது வழக்கமாகிவிடும். அதை நிறுத்த, ரகசியங்களைக் காப்பதற்கென்றே தனி வால்ட் சர்வர் தேவையில்லை. கோப்பிலுள்ள ரகசியங்களைக் குறியாக்கும் சாப்ஸ் (SOPS), அதற்கான சாவிகளை உருவாக்கும் ஏஜ் (age) என்ற இரண்டு இலவசக் கருவிகள் போதும்.

யாமல், ஜேசன், என்வ் ஆகிய அமைப்புக் கோப்புகளில் ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயரும் அதன் மதிப்பும் இருக்கும். சாப்ஸ் மதிப்பை மட்டும் குறியாக்கும், பெயரைத் தொடாது. எந்த வரி மாறியது என்பது, கோப்பு மாற்றங்களைப் பதிந்து பகிரும் கிட்டில் தெரியும். ஆகவே நன்கொடையாளர் பெயர், கணக்கு எண் போன்றவற்றைப் பெயர்ப் பகுதியில் எழுதிவிடாதீர்கள். அவை அப்படியே வெளியில் நிற்கும்.

முதல் வேலை, ஆளுக்கொரு சாவி ஜோடி: பூட்டப் பொதுச்சாவி, திறக்கத் தனிச்சாவி. ஏஜ்-கீஜென் கட்டளையை ‘-ஓ’ விருப்பத்தோடு கோப்புப் பெயர் கொடுத்து இயக்குங்கள். பழைய பவர்ஷெல்லில் ‘>’ குறியால் கோப்புக்குத் திருப்பினால் அது யுடிஎஃப்-16 என்ற வேறு எழுத்து வடிவில் பதிவாகும். பிறகு சாவியைப் படிக்க முடியவில்லை என்று பிழை வரும். விண்டோஸ்காரர்கள் முதலில் இடறுவது இங்கேதான். கோப்பின் பெயர் கீஸ்.டிஎக்ஸ்டி. அது சாப்ஸ் அடைவுக்குள் உள்ள ஏஜ் அடைவில் இருக்க வேண்டும். அந்தச் சாப்ஸ் அடைவு விண்டோஸில் ஆப்டேட்டாவின் ரோமிங்கிலும், மேக்கில் லைப்ரரியின் அப்ளிகேஷன் சப்போர்ட்டிலும், லினக்ஸில் ஹோமின் .கான்ஃபிக்கிலும் அமையும். ‘ஏஜ்1’ என்று தொடங்கும் பொதுச்சாவியை மட்டும் மற்றவர்களுக்கு அனுப்புங்கள். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பாதகமில்லை.

பொதுச்சாவிகளை .சாப்ஸ்.யாமல் கோப்பில் விதிகளாக எழுதுங்கள். சோதனைக் கோப்புக்கு எல்லோர் சாவியும், நேரடிப் பயன்பாட்டிலுள்ள செயலிக்கான உற்பத்திக் கோப்புக்கு இருவர் சாவியும் சர்வர் சாவியும். விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும்; முதலில் பொருந்தியதே செல்லும். ‘எல்லாக் கோப்பும்’ என்ற பொதுவிதி உச்சியில் இருந்தால் கீழே எழுதிய கட்டுப்பாடு செல்லாக்காசு. அவசரத்துக்கு இன்னொரு சாவியையும் சேர்த்து, அதன் தனிச்சாவியைத் தாளில் அச்சிட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். எல்லாச் சாவியும் தொலைந்தால் கோப்பைத் திறக்க வேறு வழியே கிடையாது.

திருத்தும்போது விஎஸ் கோடை ‘--வெயிட்’ சேர்த்து எடிட்டராக அமையுங்கள். இல்லாவிட்டால், நீங்கள் தட்டச்சு செய்யுமுன்பே கோப்பு மாறவில்லை என்று சாப்ஸ் வெளியேறிவிடும். இருவர் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகளைத் திருத்தினாலும் கிட்டில் மோதல் வரும். ஒவ்வொரு சேமிப்பிலும் கோப்பின் அடியிலுள்ள நேரமும் சரிபார்ப்பு முத்திரையும் மாறுவதே காரணம். கையால் ஒட்டுப்போட்டால் முத்திரை பொருந்தாது. ஒருவருடைய பிரதியை அப்படியே ஏற்று, மற்றவர் தம் திருத்தத்தைச் சாப்ஸ் வழியாக மீண்டும் செய்யட்டும். முத்திரையைப் புறக்கணிக்கும் விருப்பம் இருக்கிறது, அதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

நம் ஊர் மின்வெட்டுக்கு இங்கே தனிக் கணக்கு உண்டு. திருத்தும் நேரத்தில் சாப்ஸ் ரகசியத்தைத் தற்காலிகக் கோப்பில் வெளிப்படையாக வைத்திருக்கும், மூடும்போது அழிக்கும். நடுவில் மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் அது டெம்ப் அடைவிலேயே தங்கிவிடலாம். ஆகவே வட்டையே குறியாக்கும் வசதி, விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், கட்டாயம். அலுவலகத்திலும் சர்வர் வைத்திருந்தால், தொடங்கும்போது யாராவது கடவுச்சொல் தட்டவேண்டிய அமைப்பு கூடாது. விடியற்காலை மின்சாரம் திரும்பினாலும் செயலி எழாது. தனிச்சாவியை ரூட் என்ற நிர்வாகக் கணக்கு மட்டும் படிக்கும்படி 0400 அனுமதியோடு வைத்து, ரகசியங்களைத் திறந்து சூழல் மாறிகளாகச் செயலிக்குத் தரும் சாப்ஸின் எக்ஸெக்-என்வ் கட்டளை வழியே அதைத் தொடங்குங்கள். செயலியைப் பொதியாகக் கட்டும் டாக்கர் படிமத்துக்குள் ரகசியத்தை எழுதிவிடாதீர்கள். படிமம் கையில் உள்ளவர் அடுக்குகளைப் பிரித்துப் பார்த்துவிடுவார். அத்தகைய பொதிகளை இயக்கும் குபர்னெடிஸின் ‘சீக்ரெட்’டில் தெரியும் பேஸ்64 குறியாக்கமே அல்ல, சாவியில்லாமலே யாரும் திருப்பிவிடக்கூடிய வெறும் எழுத்து மாற்றம்.

குழுவிலிருந்து ஒருவர் விலகினால் பலர் அவர் பொதுச்சாவியை விதியிலிருந்து நீக்கிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது பாதி வேலைகூட இல்லை. விதியை மாற்றியபின் ஒவ்வொரு கோப்புக்கும், புதிய விதிப்படி சாவிப் பட்டியலை மாற்றும் சாப்ஸின் அப்டேட்கீஸ் கட்டளையை ஓட்டுங்கள். அடுத்து ரொட்டேட் கட்டளை, ஏனென்றால் மதிப்புகளை உண்மையில் பூட்டும், கோப்புக்கு உள்ளிருக்கும் தரவுச்சாவி அவரிடம் இருந்திருக்கலாம்; ரொட்டேட் அதைப் புதிதாக்கும். அப்போதும் அவர் பிரதியிலுள்ள பழைய கமிட்டுகள் (கிட்டின் முந்தைய பதிவுகள்) அவருடைய சாவிக்குத் திறக்கும். எனவே தரவுத்தளக் கடவுச்சொல்லையும் வங்கிச் சாவியையுமே புதிதாக்கி, பழையவற்றைச் செல்லாதாக்க வேண்டும். தனிநபர் தகவல் கசிந்ததாக நம்பக் காரணம் இருந்தால், தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின் 22ஆம் பிரிவுப்படி தகவல் ஒழுங்காளருக்கும் உரியவர்களுக்கும் அறிவிக்க வேண்டியிருக்கும். கமிட் செய்யுமுன் ஒவ்வொரு கோப்பின் அடியிலும் பாருங்கள்: விலகியவரின் ‘ஏஜ்1’ வரி எதிலும் இருக்கக் கூடாது.