முதல் பீரை பாட்டிலில் அடைக்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

ராத்திரி இரண்டு மணிக்குப் படிக்கட்டுக்கு அடியில் உள்ள அலமாரியிலிருந்து ‘டப்’பென்று ஒரு சத்தம். கதவைத் திறந்தால் தரையெல்லாம் நுரையும் கண்ணாடித் துண்டும், வீடு முழுக்க ஈஸ்ட் வாசம். நான் காய்ச்சிய முதல் பீரை பாட்டிலில் அடைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. காய்ச்சியதில் பெரிய குறை இல்லை. அடைத்த அன்றுதான் எல்லாத் தப்பும் நடந்திருந்தது.

நான் இருப்பது பிரிட்டனில். 1963 வரை இங்கே வீட்டில் பீர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டியிருந்தது. இப்போது சொந்தக் குடிப்புக்கு யாரும் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. (தமிழ்நாட்டில் இது சட்டப்படி குற்றம். ஊரில் இருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.) கடையில் கிடைக்கும் கிட் பெரும்பாலும் 23 லிட்டருக்கானது. மால்ட் பாகை (முளைகட்டிய பார்லியில் எடுத்தது) கரைத்து ஈஸ்டைத் தூவிவிட்டால், வாளிக்குள் அது பாட்டுக்கு வேலை பார்க்கும். நம் கை உள்ளே நுழைவது அடைக்கும் நாளில்தான், அதனால் கெடுவதும் அன்றுதான்.

வாளி மூடியில் வாயுவை மட்டும் வெளியே விடும் ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது, ஆகவே நொதித்து முடிந்துவிட்டது என்று நம்பினேன். குமிழியை நம்பவே கூடாது. வாளி மூடி சரியாக இறுகாவிட்டால் வாயு ஓரமாகக் கசியும், குமிழியே வராது. அறை சூடானால் நொதித்து முடிந்த பீரிலிருந்தும் குமிழி கிளம்பும். கேட்க வேண்டியது, பீரில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை. தொடக்கத்தில் 1.045 காட்டியது, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இறங்கி 1.010 வாக்கில் வந்து நிற்கும். இன்று ஒரு தடவை, இரண்டு மூன்று நாள் விட்டு ஒரு தடவை பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், கிட்டில் சொன்ன எண்ணுக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். 1.020-லேயே நகராமல் நின்றால் அது முடிந்ததாக அர்த்தமில்லை, ஈஸ்ட் பாதியில் படுத்துவிட்டது. வாளியைக் கொஞ்சம் சூடான அறைக்கு மாற்றி, லேசாகச் சுழற்றிவிட்டுக் காத்திருங்கள்.

நான் அடைத்தது 1.014-இல். நாலு புள்ளிதானே என்று நினைத்தேன். அந்த நாலு புள்ளிக்குள் ஒளிந்திருந்த சர்க்கரை, கேஸ் பிடிக்க நாமாகச் சேர்க்கும் சர்க்கரையைவிட அதிகம். இட்லி மாவு அதிகம் பொங்கினால் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும், துடைத்தால் தீர்ந்தது. கிரவுன் மூடி (ஓரம் நெளிந்த தகர மூடி) அடித்த கண்ணாடி பாட்டிலுக்கு வழிய இடம் ஏது?

அடைக்கும்போது, ஈஸ்ட் தின்று கேஸ் உண்டாக்கட்டும் என்று சேர்க்கும் சர்க்கரைக்கும் கணக்கு உண்டு. சாதாரண வெள்ளைச் சர்க்கரை என்றால் லிட்டருக்கு 5 முதல் 6 கிராம். 23 லிட்டர் வாளியில் அடி மண்டி போக 21 லிட்டர்தான் தேறும் என்றால், அந்த 21-க்குத்தான் கணக்கு. கிட்டத்தட்ட 105 முதல் 125 கிராம் வரும். ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்பூனால் போட்டால் ஒன்று புஸ்ஸென்று பொங்கும், இன்னொன்று சவமாய்க் கிடக்கும். சர்க்கரையைத் தராசில் நிறுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் சில நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்து, சுத்தமான இன்னொரு வாளியின் அடியில் ஊற்றுங்கள். அதன்மேல் பீரைக் குழாய் வழியாக இறக்கினால் சுழலிலேயே கலந்துவிடும். ஐயம் தீர, கரண்டியால் ஒரு தடவை மெதுவாகக் கிளறினால் போதும்.

அந்தக் குழாயிலும் இரண்டு தவறு செய்வோம். மண்ணெண்ணெய் இறக்கின பழக்கத்தில் வாயால் உறிஞ்சுவது ஒன்று. வாயில் இருக்கிற கிருமி அத்தனையும் பீருக்குப் போகும். குழாயைக் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் நிரப்பிக்கொண்டு தொடங்குங்கள், அந்தத் தண்ணீரை வேறு பாத்திரத்தில் விட்டுவிட்டுப் பீர் வரத் தொடங்கியதும் வாளிக்கு மாற்றுங்கள். இரண்டாவது, டீ ஆற்றுகிற மாதிரி உயரத்திலிருந்து விடுவது. நொதித்து முடிந்த பீருக்குக் காற்று ஆகாது. சில வாரத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும், அதற்கு மருந்தே கிடையாது. பீர் விழும் பக்கத்துக் குழாய் நுனி எப்போதும் புது வாளியின் அடியைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும்.

கழுவுவதும் கிருமி நீக்குவதும் வேறு வேறு வேலை. பழைய பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அடியைப் பாருங்கள். ஒரு வளையம் தெரிந்தால் பிரஷ் போட்டுத் தேயுங்கள். அழுக்கின் மேல் எந்த மருந்தும் வேலை செய்யாது. அப்புறம் ஸ்டார் சான் போல அலச வேண்டாத மருந்தில் முக்கி எடுங்கள், அதன் நுரை உள்ளே நின்றாலும் கெடுதல் இல்லை. பிளீச் வேண்டாம். சரியாக அலசாவிட்டால் ஆஸ்பத்திரி நெடி அடிக்கும் பீர்தான் மிஞ்சும்.

பாட்டில் பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. பச்சையிலும் வெள்ளையிலும் வெளிச்சம் பட்டு, ஹாப்ஸின் (பீரில் சேர்க்கும் கசப்புப் பூ) கசப்புப் பொருள் சிதைந்து நாற்றம் எடுக்கும். திருகு மூடி போட்டு வந்த பாட்டிலில் கிரவுன் மூடி சரியாக உட்காராது. ஜாம் புட்டி, ஜூஸ் பாட்டிலெல்லாம் அழுத்தம் தாங்கச் செய்தவை அல்ல, அந்தப் பக்கமே போகாதீர்கள். மேலே 2 சென்டிமீட்டர் வாக்கில் இடம் விட்டு மூடுங்கள்.

அடைத்ததும் ஃபிரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் தூங்கிவிடும், கேஸ் பிடிக்காது. ஜனவரி மாதத்து கராஜிலும் இதே கதைதான். 20 டிகிரி செல்சியஸ் வாக்கில், இருட்டில், இரண்டு வாரம் இருக்கட்டும். நான் இப்போதெல்லாம் ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் நிரப்பி வைக்கிறேன். விரலால் அமுக்கிப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். கல்லாக இறுகிவிட்டால் கேஸ் பிடித்தாயிற்று. நாலே நாளில் இறுகி உப்பிக்கொண்டு வந்தால் எச்சரிக்கை. உடனே மற்ற பாட்டில்களை, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்தி ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். நன்றாகக் குளிர்ந்தபின் மூடியை நெம்பிக் காற்றை வெளியேற்றலாம். அந்த ராத்திரி நான் வெறுங்கையோடு அலமாரிக்குள் தலையை நீட்டினேன். அடுத்த பாட்டில் வெடிக்காதது என் அதிர்ஷ்டம்.

சரி, இனி குடிக்கலாம். அவசரமாக ஒரு மணி நேரம் குளிரவைத்துத் திறந்தால் நுரை மட்டும்தான் டம்ளருக்கு வரும். ஒரு முழு நாள் ஃபிரிட்ஜில் நிற்கட்டும், வாயு பீரில் கரையும், மண்டியும் அடியில் இறுகும். டம்ளரைச் சாய்த்து, நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஊற்றி, கடைசி விரற்கடையை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். அது ஈஸ்ட். குடித்தால் விஷமில்லை, ஆனால் வயிறு இரைச்சல் போடும். பாட்டிலோடு வாயில் கவிழ்ப்பவர்களுக்கு மண்டியும் சேர்ந்துதான் கிடைக்கும்.

ருசி பிடிக்கவில்லை என்று மொத்தத்தையும் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். பச்சை ஆப்பிள் வாசம் அடித்தால் பீர் இன்னும் பிஞ்சு, வெண்ணெய் வாசமும் பல நேரம் அப்படித்தான். இரண்டும் பொறுத்தால் குறையும். அட்டைப்பெட்டி வாசமும் ஆஸ்பத்திரி நெடியும் போகாது. கழுவியதெல்லாம் சரியாக இருந்தும் அந்த நெடி வந்தால் குழாய்த் தண்ணீரின் குளோரினைச் சந்தேகியுங்கள், அடுத்த தடவை 23 லிட்டருக்கு குளோரினை முறிக்கும் கேம்ப்டன் மாத்திரையில் பாதியைத் தண்ணீரில் கரைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரே ஒரு பாட்டில் மட்டும் பொங்கிப் புளித்தால் அந்த பாட்டில் அழுக்கு. எல்லாமே பொங்கினால் சர்க்கரைக் கணக்கிலோ ஹைட்ரோமீட்டரிலோதான் கோளாறு.

நாலு பாட்டிலை மட்டும் கண்ணில் படாத இடத்தில் வைத்து, அடைத்த தேதியை மூடியில் எழுதுங்கள். என் முதல் பீரில் வெடிக்காமல் தப்பியவற்றுள் ஒன்றை இரண்டு மாதம் கழித்துத் திறந்தோம். முதல் வாரம் முகத்தைச் சுளித்த என் மச்சான், டம்ளரை நீட்டி இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். இல்லை.