கோடி போகும்போது கிளம்புங்கள்: வட ஆற்காட்டு ஏரிகளையும் மலைகளையும் சுற்றிப் பார்க்க

வேலூருக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கோட்டை, தங்கக்கோயில், ஏலகிரி என்று மூன்றை முடித்துக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். இந்த மண்ணின் பெரிய காட்சி ஏரிதான். முன்பு ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்தது. 1989இல் அதிலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. வரைபடத்தில் இன்று நான்கு மாவட்டம். ஏரிகளுக்கு அந்த எல்லை தெரியாது. பாலாற்றில் பிரியும் ஒரு கால்வாய் ஊர் ஊராக ஏரிகளை நிரப்பிக்கொண்டே போகும். அதனால் இடங்களைப் பட்டியல் போட்டு ஓடுவதைவிட, ஒரு நாளைக்கு ஒரு நீர்வழி என்று வைத்துக்கொள்வதே சரி. மலைக்குத் தனி நாள் ஒதுக்குங்கள்.

எப்போது போவது

ஏரி பார்க்க நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை. வடகிழக்குப் பருவமழையில்தான் இங்கே ஏரி நிரம்பும். நிரம்பி உபரி நீர் வழிவதை 'ஏரி கோடி போகுது' என்பார்கள். ஊர்க்காரர்கள் பூ தூவி, கற்பூரம் ஏற்றி, சில ஊர்களில் கெடா வெட்டிக் கொண்டாடுவார்கள். உள்ளூர்ச் செய்தியில் 'கோடி போனது' என்று வந்த ஏரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரமே ஓட வேண்டாம். கோடி வேகமாகப் போகும் நாட்களில் கிராமச் சாலைகளில் தரைப்பாலங்கள் மூழ்கியிருக்கும். மழை விட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் போனால் தண்ணீரும் தெளிந்திருக்கும், பறவையும் கூடியிருக்கும்.

அருவிகளுக்கும் இதே பருவம்தான். மார்ச்சுக்குப் பிறகு அமிர்தியிலோ ஜலகாம்பாறையிலோ பாறையைத்தான் பார்க்கலாம். வானம் பார்க்க, வானாய்வகம் உள்ள காவலூர் போவதென்றால் மழைக்காலம் உதவாது, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. இரண்டும் ஒத்துவரும் மாதம் ஜனவரி. மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது ஏரிக்கரை நடை என்பது தண்டனை.

ஏரிக்கரையில் எப்படிப் பார்ப்பது

காலை ஆறு மணிக்குக் கரைமேல் இருக்க வேண்டும். விடியலின் அழகுக்காக மட்டும் இல்லை. வட ஆற்காட்டு நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. ஆகவே கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம், தண்ணீர் அதற்கு மேற்கே. காலையில் கரையில் நின்று ஏரியைப் பார்த்தால் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் கண் கூசும், எல்லாமே கறுப்பு உருவமாகத்தான் படும். மாலைப் படம் அழகாக வரும், எந்தப் பறவை என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். எட்டரைக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் பறவைகள் நடுத்தண்ணீருக்கும் மரநிழலுக்கும் போய்விடும்.

பைனாகுலர் 8×42 போதும். 10 மடங்கு வாங்கினால் கரைக் காற்றில் கை ஆட, பார்வையும் ஆடும். ஓரத்துச் சேற்றில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும், திறந்த தண்ணீரில் நாமக்கோழிக் கூட்டமும் முக்குளிப்பானும், பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சாதாரணமாகக் கிடைக்கும். கூழைக்கடா வந்து இறங்கினால் பைனாகுலர் இல்லாமலே தெரியும்.

பறவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தண்ணீர் திறந்துவிடும் மதகு, உபரி நீர் வழியும் கோடி இரண்டையும் பார்த்தால்தான் ஏரியைப் பார்த்தது ஆகும். பழைய மதகு இருக்கும் கரைகளில் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்பதும், அவற்றைக் குறுக்குக் கற்கள் இணைப்பதும் தெரியும். குறுக்குக் கல்லில் உள்ள துளை வழியாக ஒரு நீளத் தண்டு இறங்கும். தண்டின் அடியில் இருக்கும் அடைப்பு, கீழே கல்லில் குடைந்த ஓட்டையை மூடியிருக்கும். தண்டைத் தூக்கினால் தண்ணீர் கரைக்கு அடியில் பதித்த வழியே வெளியேறி வாய்க்காலுக்குப் போகும். இதுதான் குமிழித் தூம்பு. இப்போது பெரும்பாலான இடங்களில் திருகு வைத்த இரும்பு ஷட்டர் போட்டுவிட்டார்கள். பழைய தூண்கள் பக்கத்திலேயே சும்மா நிற்கும். கோடியில் தண்ணீர் வழிந்து போகும் கலங்கல் சுவரின்மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருந்தால், அது அழகுக்காக வைத்ததில்லை. மழை முடியும் நேரத்தில் அந்தக் கற்களுக்கு இடையே பலகையோ மண்ணோ அடைத்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேக்குவதற்காக.

ஒரு நாள் வழி: பாலாற்றிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, மாமண்டூர்

வாலாஜா அருகே பாலாற்றின் குறுக்கே 1858இல் கட்டிய அணைக்கட்டில் தொடங்குங்கள். இங்கிருந்துதான் ஆற்றின் இரு பக்கமும் கால்வாய்கள் பிரிகின்றன. இடப்பக்கக் கால்வாய்கள் காவேரிப்பாக்கத்துக்கும் மகேந்திரவாடிக்கும், வலப்பக்கக் கால்வாய்கள் சக்கரமல்லூருக்கும் தூசி மாமண்டூருக்கும் போகும். ஆற்றில் தண்ணீர் இல்லாத நாளில் இங்கே கால் மணி நேரம் போதும். தண்ணீர் ஓடும் நாளில் ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. 2021 நவம்பரில் பாலாறு வந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அணைக்கட்டை வெளிச்சம் ஏறிய பிறகும் பார்க்கலாம், பறவை காத்திருக்காது. காலை ஏரியை முதலில் வைத்து, திரும்பும்போது அணைக்கட்டைப் பார்த்தாலும் வழி கெடாது.

காவேரிப்பாக்கம் ஏரி, வேலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூன்றாம் நந்திவர்ம பல்லவன் வெட்டியது என்று சொல்வார்கள். தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று, கரை மட்டும் 8 கிலோமீட்டர் தாண்டும். முழுக்க நடக்க நினைக்காதீர்கள், போக வர 16 கிலோமீட்டர், நடுவில் நிழல் கிடையாது. ஒரு மதகிலிருந்து கோடி இருக்கும் பக்கமாக இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பினால் நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆகும். விடியற்காலையில் கரையில் மீன் இறங்கும். வாங்குகிற எண்ணம் இருந்தால் தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் கொண்டுபோங்கள். விரால் உயிரோடு துள்ளினால்தான் வாங்க வேண்டும். கெண்டைக்குச் செவுள் சிவப்பாக இருக்க வேண்டும்.

அங்கிருந்து நெமிலிப் பக்கமாக மகேந்திரவாடி. இந்த நாளின் உச்சம் இதுதான். வயல்வெளியில் தனியாக நிற்கும் ஒரே பாறையைக் குடைந்து மகேந்திரவர்மன் செய்த விஷ்ணு கோயில், ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தது. தூணைக் கூர்ந்து பாருங்கள்: கீழே சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே மறுபடி சதுரம். சதுரங்களில் தாமரைப் பதக்கம். கிரந்த எழுத்தில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, மகேந்திரபுரம் என்ற ஊரில், மகேந்திர தடாகத்தின் கரையில், பாறையைப் பிளந்து குணபரன் இந்தக் கோயிலைச் செய்தான் என்கிறது. குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். அதாவது 1,400 ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஏரிக்குப் பெயர் சூட்டிக் கல்லில் எழுதியாகிவிட்டது. கோயிலைப் பார்த்த கையோடு ஏரிக்கரைக்கும் போய்விட்டு வாருங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ரயிலில் வருவதானால் காட்பாடி–அரக்கோணம் பாசஞ்சர் மகேந்திரவாடி ஸ்டேஷனில் நிற்கும், எக்ஸ்பிரஸ் நிற்காது. ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு வண்டி கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். சோளிங்கர் ஸ்டேஷனிலோ அரக்கோணத்திலோ இறங்கி ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது. திரும்பி வரும் வண்டியையும் சேர்த்தே பேசிவிடுங்கள்.

வண்டி கையில் இருந்தால் மட்டும் மாமண்டூர். காஞ்சிபுரம்–வந்தவாசி சாலையில், ஏரியை ஒட்டிய குன்றில் நான்கு குடைவரைகள். ஏரியின் பழம்பெயர் சித்திரமேகத் தடாகம்; சித்திரமேகன் என்பதும் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்தான். மகேந்திரவாடியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதியம் இரண்டு மணிக்குள் கிளம்ப முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். இருட்டில் குடைவரையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஏரியில் ஆபத்து எங்கே

ஏரியில் ஆள் மூழ்குவது பெரும்பாலும் நடுத்தண்ணீரில் இல்லை, ஓரத்தில்தான். கோடைக்காலத்தில் ஏரிக்குள் சவுடு மண் அள்ளிய பள்ளங்கள் மழையில் நிரம்பி, மேலே சமமாகத் தெரியும். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும் கால் அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழத்துக்குப் போய்விடும். பள்ளத்தின் ஓரம் செங்குத்தாக வெட்டியிருப்பதால் நீச்சல் தெரிந்தவருக்கும் பிடிமானம் கிடைக்காது. அதனால் தெரியாத ஏரியில் குளிக்கவே வேண்டாம். திறந்திருக்கும் மதகின் உட்பக்கம் தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும், அடியில் இழுப்பு இருக்கும்.

கோடியில் செல்ஃபி எடுப்பவர்கள் வழுக்கி விழுவதற்குக் காரணம் பாசி. கலங்கல் கல்லில் பாசி பிடித்தால் எந்தச் செருப்பும் நிற்காது. வழியும் தண்ணீருக்குப் பக்கவாட்டில், கரைமேலிருந்து பாருங்கள்.

இன்னொன்று வேலிகாத்தான் (சீமைக்கருவேலம்) முள். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், டூவீலர் டயரையும் விடாது. ஷூ போடுங்கள். டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் ஸ்ட்ரிப்பும் சின்னக் காற்றுப் பம்பும் பையில் இருக்கட்டும். முள் குத்தியதும் பிடுங்கிவிடாதீர்கள். பிடுங்கினால்தான் காற்று முழுக்க இறங்கும். அப்படியே மெதுவாகத் தார்ச்சாலை வரை வந்து பிறகு பாருங்கள்.

மலை நாள்: ஜவ்வாது, காவலூர், ஏலகிரி

இதற்குச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் பொதுமக்களுக்குச் சனிக்கிழமைதான் அனுமதி. நேரத்தையும் இரவுப் பார்வை உண்டா என்பதையும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். 1986இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கலாம் என்று எண்ணி வருகிறவர்கள் ஏமாறுவார்கள். அது ஆராய்ச்சிக்கானது, சுற்றிப் பார்க்கத்தான் முடியும். வானம் பார்க்கச் சிறிய தொலைநோக்கி உண்டு. 1977இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. டார்ச்சில் இரண்டு மடிப்புச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், ஒருமுறை செல்போன் வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

காலையில் ஜவ்வாது மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூர் போய், அங்கே கொலப்பன் ஏரியையும் பீமன்மடவு அருவியையும் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் காவலூர் இறங்கினால் நேரம் சரியாக இருக்கும். அருவிக்கு இறங்குவது சுலபம், ஏறி வருவதற்குத்தான் மூச்சு வேண்டும். பெரியவர்களை மேலேயே உட்காரவைத்துவிடுவது மேல். மலை ஏறும் முன் ஆலங்காயத்திலோ போளூரிலோ பெட்ரோல் போட்டுவிடுங்கள், ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் சிக்னல் இருக்காது, அப்போது ஜிபே உதவாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு தொங்கினால் அந்தப் பக்கம் புகை, சென்ட், கூச்சல் எதுவும் கூடாது. காட்டுப்பாதையில் நடக்க வேண்டுமானால் வனத்துறை அனுமதி வாங்கியே ஆக வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துக் காடுகளில் யானை நடமாட்டம் உண்டு. மோர்தானா அணையைப் பார்க்கப் போகிறவர்கள் மாலை நான்கரைக்குள் திரும்பிவிட வேண்டும்.

இரவு வாணியம்பாடியில் தங்கி, ஞாயிறு காலை ஏலகிரி. பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறி, பாதி மலையில் பிடிக்காமல் போகும், கருகிய வாடைதான் முதல் எச்சரிக்கை. வாடை வந்தால் ஓரம் கட்டி அரை மணி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூட்டில் டிஸ்க் வளைந்துவிடும். ஏறி வரும் வண்டிக்கே முதலில் வழி.

மேலே புங்கனூர் ஏரியில் படகு உண்டு, ஞாயிறு மதியம் வரிசை நீளும். மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை ஏறுவதே ஏலகிரியின் நல்ல பாதி. ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். கையில் தின்பண்டப் பொட்டலம் வெளியே தெரிய வேண்டாம், குரங்கு பிடுங்கும்.

சாப்பாட்டுக்கு இறங்கும் வழியில் ஆம்பூர். சீரக சம்பா பிரியாணி, பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குள் போய்விடுங்கள், தாமதித்தால் பெரிய அண்டாவின் அடிச்சோறுதான் மிச்சம்.