எடை மிகுந்த மின்சாரக் காரை மதுரைச் சாலைகளில் ஓட்டும் முறை

மின்சாரக் கார் வாங்கியவர் முதலில் அதன் எடையை மனத்தில் கொள்ள வேண்டும். பேட்டரி மட்டுமே சில நூறு கிலோ இருக்கும். 1,200 கிலோ காருக்குப் பதிலாக 1,500 கிலோ கார் அதே வேகத்தில் மோதினால் மோதலின் ஆற்றல் 25 விழுக்காடு கூடும். வேகத்தையே மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு உயர்த்தினாலோ அது ஏறத்தாழ 78 விழுக்காடு கூடிவிடும். எடையைக் குறைக்க நம்மால் இயலாது, வேகத்தைக் குறைக்க இயலும். எதிரே இருசக்கர வாகனத்தில் குழந்தையோடு வருபவரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

டயரில் காற்றை, அது சூடேறுவதற்கு முன், கதவருகே ஒட்டியுள்ள அளவின்படி நிரப்புங்கள். பேட்டரி முழுமையாக நிரம்பியிருக்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக வேகம் குறைவது மட்டுப்படும் என்பதால், புறப்பட்ட சிறிது தூரத்துக்கு பிரேக்கையே நம்புங்கள்.

தடம் மாறாமல் காக்கும் வசதி, கேமரா காணும் சாலைக் கோடுகளைக் கொண்டே இயங்குகிறது. ஆகவே கோடுகள் சரியாகத் தெரியாத மாசி வீதிகளின் நெரிசலில் அதை அணைத்துவிடுவது நல்லது. மோதும் நிலை வந்தால் தானாகவே வண்டியை நிறுத்த முயலும் தானியங்கி பிரேக்கை மட்டும் ஒருபோதும் அணைக்காதீர்கள். மேலூர் நான்குவழிச் சாலையிலும் கை ஸ்டியரிங்கில், கண் சாலையில் இருக்கட்டும். பின்விளக்கின்றி வைக்கோல் ஏற்றிச் செல்லும் டிராக்டரையோ, தவறான திசையில் வரும் பைக்கையோ கருவி உரிய நேரத்தில் கண்டுகொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடந்துவிடுகிறோம். புழுதிச் சாலையில் சென்று வந்தால், கேமராவின் முன்னுள்ள கண்ணாடியையும் ரேடார் பொருத்திய முன்பகுதியையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.