அடுத்து எந்த நேரோ கேஜ் நீராவி இன்ஜின் மாடல் வரும்? ஊகிக்கக் கற்றுக்கொள்வோம்

ரயில் மாடல் சேர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு "அடுத்து என்ன விடப்போறாங்க?" என்பதில் வந்து நிற்கும். அங்கே நடப்பதில் முக்கால்வாசி ஊகம் இல்லை, ஆசை. தனக்குப் பிடித்த இன்ஜின் பெயரை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் அதற்குக் காரணம் தேடுவார்கள். நான் சொல்லப்போவது தலைகீழ் வழி. கம்பெனிக்காரர் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு அச்சு (மாடலின் பாகங்களை வார்க்கும் வார்ப்புரு) வெட்டப் பெரிய தொகை போடவேண்டும், அந்த ஒரு அச்சிலிருந்து எத்தனை விதமாக, எத்தனை வருடம் விற்க முடியும்? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

உதாரணத்துக்கு பிரிட்டனின் ஓஓ9 மாடல்களை, அதாவது குறுகிய பாதை (நேரோ கேஜ்) ரயில்களின் ஒரு வகை மாடலை எடுத்துக்கொள்கிறேன். அங்கே ரொம்ப காலம் பாகங்களாக வரும் கிட் வாங்கி, 'N' கேஜ் என்ற வேறொரு சின்ன மாடல் வகையின் சேசிஸ் (சக்கரமும் மோட்டாரும் உள்ள அடிப்பகுதி) மேல் உட்காரவைத்து, சொந்தமாகப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, 2010-களின் நடுவிலிருந்து பெட்டியைத் திறந்ததும் ஓடும் இன்ஜின்கள் வரிசையாக வரத் தொடங்கின. அதனால் விடை தெரிந்த கேள்விகள் நிறைய இருக்கின்றன, பழகிப் பார்க்க வசதி.

படி 1: அளவு பொருந்துகிறதா?

ஓஓ9 என்பது 1:76 (சரியாகச் சொன்னால் 1:76.2) அளவில் செய்த வண்டி 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுவது. 9-ஐ 76.2-ஆல் பெருக்கினால் 686 மி.மீ., அதாவது 2 அடி 3 அங்குலம். வேல்ஸில் தலித்லின், கோரிஸ் ரயில்பாதைகள் இரண்டும் அச்சு அசலாக இதே அகலம். ஃபெஸ்டினியாக் பாதை 597 மி.மீ., அதற்கு 7.8 மி.மீ. போதும். வெல்ஷ்பூல்-லான்ஃபேர் 762 மி.மீ., அதற்கு 10 மி.மீ. வேண்டும். இந்த ஒரு மி.மீ. வித்தியாசத்தை வாங்குகிறவர்கள் கண்டுகொள்வதில்லை, ஆகவே 2 அடியிலிருந்து 2 அடி 6 அங்குலம் வரை எல்லாம் உள்ளே வரும். நம் ஊர்க்காரர்கள் உடனே ஊட்டி ரயில் வருமா என்று கேட்பார்கள். அது மீட்டர் கேஜ், 1000 மி.மீ., 1:76-ல் 13 மி.மீ. ஆகிவிடும். 1:87 அளவில் 12 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் வண்டிகள் தனி வகை, அங்கே போய்க் கேளுங்கள்.

இந்தப் படியில் தேறாத இன்ஜினை எவ்வளவு பிடித்தாலும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

படி 2: ஏற்கெனவே வந்ததை எழுதுங்கள்

ஒரு தாளில் கம்பெனி, இன்ஜின், எந்த ரயில்பாதை என்று மூன்று பத்தி போடுங்கள். ஹெல்யான் என்று எழுதினால் பக்கத்தில் லின்டன்-பார்ன்ஸ்டபிள் பாதைக்கு 'மானிங் வார்டில்' என்ற கம்பெனி கட்டிய இன்ஜின், அப்புறம் அதே பாதையின் 'லின்'. பாக்மன் என்று எழுதினால் பால்ட்வின், குவாரி ஹன்ஸ்லட், டபுள் ஃபேர்லி (இரு பக்கமும் கொதிகலன் நீளும் இன்ஜின்). கேட்டோவும் பெக்கோவும் சேர்ந்து ஃபெஸ்டினியாக்கின் 'ஸ்மால் இங்கிலாந்து' என்ற இன்ஜின். அறிவித்துவிட்டு இன்னும் கடைக்கு வராதவற்றையும் எழுதுங்கள், ஏனென்றால் ஏற்கெனவே ஒருவர் அறிவித்த இன்ஜினை இன்னொருவர் தொடுவது இந்தச் சின்னச் சந்தையில் தற்கொலை.

தாளைக் கொஞ்சம் பார்த்தாலே ஒன்று புரியும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பேட்டை இருக்கிறது. ஹெல்யான் லின்டன்-பார்ன்ஸ்டபிள் ஓடிய டெவன் பக்கம், பாக்மன் முதல் உலகப்போர் ராணுவப் பாதையில் ஆரம்பித்து வடக்கு வேல்ஸின் ஸ்லேட் குவாரிகளுக்குள் போனது. அடுத்தது பெரும்பாலும் பழைய பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

படி 3: எத்தனை நிறம், எத்தனை பெயர்?

இதில்தான் அதிக நேரம் செலவழிக்கவேண்டும்.

பால்ட்வின் என்ற அமெரிக்கக் கம்பெனியின் 10-12-டி இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ரசிகரிடம் கேட்டால் இதைவிட அழகான இன்ஜின் பத்து சொல்வார். ஆனால் கம்பெனிக்காரர் கண்ணால் பாருங்கள். 1916-ல் தொடங்கி பிரிட்டிஷ் ராணுவத்துக்காக அமெரிக்காவில் 495 இன்ஜின்கள் கட்டினார்கள், பிரான்ஸ் போர்முனையில் 600 மி.மீ. பாதையில் ஓட. போர் முடிந்ததும் மலிவாக விற்றார்கள். ஆஷோவர், ஸ்னெய்ல்பீச், கிளின் வேலி, வெல்ஷ் ஹைலேண்ட் ரயில்பாதைக்காரர்கள் எல்லோரும் வாங்கினார்கள். பல இந்தியாவுக்கு வந்து சர்க்கரை ஆலைகளில் கரும்பு இழுத்தன, அவற்றில் சில பிற்காலத்தில் பிரிட்டனுக்குத் திரும்பிப் போய் லெய்டன் பஸர்ட் போன்ற இடங்களில் பாதுகாக்கப்படுகின்றன. அதாவது ஒரே உடல், ராணுவ நிறம் ஒன்று, நாலு ரயில்பாதை நிறம், அப்புறம் இன்றைக்கு அருங்காட்சியக நிறம். ஒரு அச்சு வெட்டி, பெயின்டையும் சின்னச்சின்ன பாகங்களையும் மாற்றி வருடக்கணக்கில் விற்கலாம். போர்க்காட்சி அமைப்பவரும் வாங்குவார், வேல்ஸ் ரசிகரும் வாங்குவார். 2018-ல் அது கடைக்கு வந்தபோது ஆச்சரியப்பட்டவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

குவாரி ஹன்ஸ்லட்டும் அப்படித்தான். லீட்ஸில் இருந்த ஹன்ஸ்லட் கம்பெனி 1870-லிருந்து 1932 வரை டினோர்விக், பென்ரின் குவாரிகளுக்கு இந்தக் குட்டி இன்ஜின்களைக் கட்டிக்கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். குவாரி நிறம் வேறு, பிற்காலத்தில் வாங்கியவர்கள் அடித்த நிறம் வேறு.

சரி, ஒரே ஒரு இன்ஜின் மட்டும் கட்டப்பட்ட வகை வரவே வராதா? வரும், 'லின்' வந்ததே. பால்ட்வின் 1898-ல் கட்டிய 2-4-2 (சக்கர அமைப்பு) இன்ஜின் அது, அந்த மாதிரியில் ஒன்றுதான் இருந்தது, 1935-ல் பாதை மூடியபின் உடைத்துவிட்டார்கள். ஆனால் ஹெல்யான் ஏற்கெனவே மானிங் வார்டில் இன்ஜின்களை விற்றிருந்தது. யோ, எக்ஸ், டா, லியூ என்று வாங்கி வைத்தவர்களுக்கு அந்தப் பாதையில் விட்டுப்போனது லின் ஒன்றுதான். ஐந்தில் நாலு வைத்திருப்பவர் ஐந்தாவதை வாங்காமல் இருக்கமாட்டார். ஆகவே (கடைசிப் படியில் போடப்போகும் கணக்கில்) ஒற்றை இன்ஜினுக்கு மதிப்பெண் குறைவுதான், வரிசையை முடித்துவைக்கிற ஒற்றை என்றால் திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: அளந்து பார்க்க நிஜ வண்டி இருக்கிறதா?

இப்போதெல்லாம் நிஜ இன்ஜினை லேசர் ஸ்கேன் செய்துதான் பெரும்பாலும் வரைபடம் தயாரிக்கிறார்கள். வண்டி உயிரோடு இருந்தால் வேலை சுலபம். அதைவிட முக்கியம், ஓடிக்கொண்டிருந்தால் சுற்றுலா வந்தவர் அதன் பின்னால் பயணம் செய்துவிட்டு அதே பெயர் போட்ட மாடலைத் தேடுவார். ஃபெஸ்டினியாக்கின் டபுள் ஃபேர்லிக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. 1879-ல் கட்டிய மெர்தின் எம்ரிஸ் இருக்கிறது, 1979-ல் கட்டிய ஏர்ல் ஆஃப் மெரியோனெத் இருக்கிறது, 1992-ல் கட்டிய டேவிட் லாயிட் ஜார்ஜ் இருக்கிறது. நூற்றாண்டு கழித்தும் அதே பாஸ்டன் லாட்ஜ் பணிமனையில் புதிதாகக் கட்டுகிறார்கள் என்றால் அந்த இன்ஜினுக்கு ரசிகர்கள் தீரப்போவதில்லை.

வண்டி அழிந்துபோயிருந்தால் நகல் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். லியூ 1936-ல் பிரேசிலுக்குக் கப்பலேறிப் போய் அதோடு காணாமல் போனது, ஆனால் அதன் மாதிரியில் லிட் என்ற இன்ஜின் 2010-ல் ஓடத் தொடங்கியது. லின்னுக்கும் 2017-ல் நகல் வந்துவிட்டது. நகல் வந்தால் நிறமும் ஒன்று கூடுகிறது, படி 3-க்குப் போய் ஒரு மதிப்பெண் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: மோட்டாரை எங்கே வைப்பது?

வேகமாகப் பார்த்துவிடலாம். கொதிகலனின் விட்டத்தை 76-ஆல் வகுங்கள். உள்ளே ஒரு சின்ன மோட்டார், கியர், தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்கும் அளவுக்கு உலோக எடை, முடிந்தால் டிஜிட்டல் டிகோடர் (கட்டுப்பாட்டுச் சில்லு), எல்லாம் போகவேண்டும். கொதிகலனின் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியோ, அதன் மேல் சேணம் போல் உட்காரும் சேணத் தொட்டியோ இருந்தால் ஒளித்துவைக்க இடம் கிடைக்கும். காயர்நார்வனின் டி வின்டன் கம்பெனி கட்டிய செங்குத்துக் கொதிகலன் இன்ஜின் எல்லோர் ஆசைப்பட்டியலிலும் இருக்கும், ஆனால் அது திறந்த மேடை மேல் நிற்கும் ஒரு உருளை, மறைக்க எதுவுமே கிடையாது. மோட்டார்கள் வருடா வருடம் சிறிதாகின்றன என்பதால் முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன், மதிப்பெண் மட்டும் குறையும்.

படி 6: பின்னால் எதை இழுக்கும்?

புதிதாக வருபவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இன்ஜினை மட்டும் வாங்கி யாரும் ஓட்டமாட்டார்கள். பால்ட்வினோடு சேர்த்தே ராணுவ போகி வேகன்கள் வந்தன. ஹெல்யானின் இன்ஜினுக்குப் பின்னால் மாட்ட லின்டன்-பார்ன்ஸ்டபிள் பெட்டிகளை விற்றது பெக்கோ. ஒரு கம்பெனி திடீரென்று ஒரு குறிப்பிட்ட பாதையின் பெட்டிகளை வெளியிட்டு, அந்தப் பாதை இன்ஜின் எதுவும் கடையில் இல்லை என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

ஆண்டுவிழாக்களை நம்பிக் குதிக்கிறவர்களும் உண்டு. தலித்லின் பாதையைத் தன்னார்வலர்கள் கையில் எடுத்தது 1951, 2026-ல் 75 வருடம், அதனால் கட்டாயம் புது இன்ஜின் வரும் என்பார்கள். என் கணிப்பில் ஆண்டுவிழா என்பது இருக்கிற அச்சில் புதுப் பெயின்ட் அடிப்பதற்குத்தான் காரணம் ஆகும், புது அச்சு வெட்ட அது மட்டும் போதாது.

படி 7: எப்போது?

பாக்மன் முன்பெல்லாம் வருடம் ஒருமுறை பெரிய பட்டியல் போடும், அதில் உள்ளவை வந்துசேர வருடங்கள் ஆகும். 2021 முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கிட்டத்தட்ட கைக்கு வரத் தயாரானதை மட்டும் அறிவிக்கிறது. இதனால் நம் விளையாட்டே மாறிவிட்டது. அடுத்த காலாண்டில் வரப்போவது முன்னரே ஸ்கேன் ஆகி, அச்சு வெட்டி, சோதனைக்கு ஓடி முடித்திருக்கும். எனவே இந்த மாதம் எல்லோரும் பேசும் பரபரப்பைப் பார்த்து ஊகிக்காதீர்கள், சில வருடங்களுக்கு முன் எது நன்றாக விற்றது, எந்த இன்ஜின் பழுதுபார்க்கப்பட்டு மறுபடி ஓடியது என்று பாருங்கள்.

படி 8: மதிப்பெண் போடுங்கள்

அளவுக்கு மதிப்பெண் இல்லை, தேர்ச்சி அல்லது தோல்வி. நிறம், நிஜ வண்டி, மோட்டார் இடம், பெட்டிகள், கம்பெனியின் பேட்டை, இந்த ஐந்துக்கும் தலா 2. மொத்தம் 10.

முதலில் விடை தெரிந்த ஒன்று. பாக்மன் குவாரி ஹன்ஸ்லட்டை விட்டாயிற்று, அடுத்து என்ன? பென்ரின் குவாரியிலிருந்து துறைமுகம் வரை ஓடிய பெரிய ஹன்ஸ்லட்கள் சார்ல்ஸ், லிண்டா, பிளான்ச் என்று மூன்று உண்டு, ஒன்று 1882-ல், மற்ற இரண்டு 1893-ல் கட்டியவை. மூன்றும் பிழைத்திருக்கின்றன: 2. மூன்றுதான் என்றாலும் லிண்டாவும் பிளான்ச்சும் 1960-களின் தொடக்கத்தில் ஃபெஸ்டினியாக்குக்குப் போய் டெண்டர் (பின்னால் இழுக்கும் எரிபொருள் வண்டி) மாட்டிக்கொண்டன, ஆக இரண்டு பாதை, பல தோற்றம்: 1.5. குவாரிக் குட்டிகளைவிடப் பெரிய உடம்பு: 2. ஸ்லேட் வேகன் கையிலேயே இருக்கிறது: 2. பேட்டை அதேதான்: 2. மொத்தம் 9.5. வந்தது அதுதான்.

இப்போது நமக்குப் பக்கத்திலிருந்து ஒன்று, டார்ஜிலிங்கின் பி வகுப்பு. 2 அடிப் பாதை, அளவில் தேர்ச்சி. 1889-ல் ஷார்ப் ஸ்டூவர்ட் தொடங்கிவைத்த வகை, மொத்தம் 34 இன்ஜின்கள், இன்றும் சில மலையேறுகின்றன, 19-ஆம் எண் இங்கிலாந்திலேயே இருக்கிறது. நிஜ வண்டிக்கு 2. எண் மாற்றலாம், ஆனால் இன்று பார்க்கிறவை பெரும்பாலும் நீலம்: 1. சேணத் தொட்டி உண்டு, உடம்பு சின்னது: 1. இழுக்க வேல்ஸ் பெட்டிகள் உதவாது, டார்ஜிலிங் பெட்டிக்குத் தனி அச்சு வெட்டவேண்டும்: 0. பிரிட்டனில் இதற்கென்றே ரசிகர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் எந்தப் பெரிய கம்பெனியின் பேட்டையும் இல்லை: 1. மொத்தம் 5. ஓஓ9-ல் 8-க்குக் கீழே உள்ளதற்கு நான் காசு எடுத்து வைக்கமாட்டேன். உங்கள் கணக்கில் வேறு எண் வந்தால் எந்தக் கேள்வியில் விலகியது என்று பாருங்கள், பெட்டிக் கேள்வியாகத்தான் இருக்கும். யாராவது அந்தப் பெட்டிகளை மட்டும் தனியாக வெளியிட்டால் அன்றைக்கே இந்த 5-ஐ அடித்துவிட்டு மறுபடி கூட்டுங்கள்.