பாதியில் பிடுங்காதீர்கள்: லினக்ஸ் கணினியில் நாம் அடிக்கடி செய்யும் தவறுகள்

டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஒரு தமிழ் வகுப்பில் நான்கு பழைய கணினிகள் இருக்கின்றன, நான்கிலும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம், அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உபுண்டு என்பதே இந்தத் தென்னாப்பிரிக்க மண்ணின் சொல், சூலு பேசுகிறவர்கள் வாயில் தினமும் வருவது. 2004-இல் அதைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த்தும் இங்கே வெல்காமில் பிறந்தவர்தான். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த வரைக்கும் இந்தக் கணினிகள் தானாகக் கெட்டது குறைவு, ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் கைவைத்துக் கெட்டதுதான் அதிகம்.

2023-இல் லோட் ஷெடிங், அதாவது அட்டவணை போட்டுக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்ததே, அப்போது நடந்தது. பத்து மணிக்குக் கரண்ட் போகும் என்று அட்டவணையில் இருக்கிறது. ஒன்பதே முக்காலுக்கு ஒரு பையன் "அங்கிள், அப்டேட் கேட்கிறது, போடட்டுமா?" என்றான், நானும் வேறு வேலையில் இருந்ததால் சரி என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்தபோது திரை கறுப்பாக நின்றது, மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. பலரும் இந்த இடத்தில்தான் பெரிய தவறு செய்கிறார்கள், பெண்டிரைவை எடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ ஆரம்பிக்கிறார்கள். அவசியமே இல்லை. அப்டேட் என்பது இரண்டு கட்டமாக நடக்கிறது: முதலில் பேக்கேஜை, அதாவது மென்பொருள் பொட்டலத்தை, பிரித்து வைக்கும், அப்புறம் ஒவ்வொன்றாக அமைக்கும். கரண்ட் போனால் சில பேக்கேஜ் பிரிந்த நிலையிலேயே நின்றுவிடும், எது எந்த நிலையில் நின்றது என்று கணினி எழுதி வைத்திருக்கும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அதில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய் சூடோ டிபிகேஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு கோட்டோடு கான்ஃபிகர், மறுபடி ஓர் இடைவெளி, ஒரு கோட்டோடு சிறிய ஏ (sudo dpkg --configure -a). விட்ட இடத்திலிருந்து அதுவே தொடரும். எங்கள் கணினி பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டது, பிள்ளைகளின் கோப்பு ஒன்றுகூடப் போகவில்லை.

இதோடு சேர்ந்ததுதான் பூட்டு விவகாரம். புதிதாக ஏதாவது நிறுவப் போனால் சில சமயம் "பூட்டு கிடைக்கவில்லை" என்று திட்டும், இணையத்தில் தேடினால் பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று யாராவது எழுதியிருப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பின்னணியில் பாதுகாப்பு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் அந்தப் பூட்டு. அதை அழித்தால் ஒரே பேக்கேஜ் பட்டியலில் இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் எழுத ஆரம்பிக்கும், அப்புறம் அதைச் சரிசெய்வது சாதாரண வேலையில்லை. டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள், பெரும்பாலும் அதற்குள் முடிந்திருக்கும்.

பெண்டிரைவும் அப்படித்தான். வகுப்புக்கு வரும் ஓர் ஆயா தன் அம்மாவின் பழைய படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து எடுத்துப்போக வந்தார். நகல் முடிந்தது என்று பச்சைப் பட்டை நிறைந்ததும் பேரன் பிடுங்கிவிட்டான். வீட்டில் போய்த் திறந்தால் கடைசிப் பத்துப் பதினைந்து படங்கள் பாதி சாம்பல் நிறம். லினக்ஸ் முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பெண்டிரைவுக்குத் தள்ளும். பட்டை நிறைந்தாலும் எழுதி முடித்திருக்காது. எஜெக்ட் கொடுத்து, இப்போது எடுக்கலாம் என்று அது சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். நல்லவேளை, மூலப் படங்கள் கணினியிலேயே இருந்தன, அடுத்த வாரம் மறுபடி எடுத்துக் கொடுத்தோம்.

இன்னொரு பழக்கம், கணினி எதை மறுத்தாலும் கட்டளைக்கு முன்னால் சூடோ போடுவது, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டுவது. சூடோ போட்டு ஒரு எடிட்டரைத் திறந்து சேமித்தால் உங்கள் கோப்புகள் இருக்கும் வீட்டு அடைவுக்குள்ளேயே (ஹோம் ஃபோல்டர்) சில கோப்புகள் ரூட் என்ற நிர்வாகிக்குச் சொந்தமாகிவிடலாம். மறுநாள் கடவுச்சொல் சரியாகவே இருக்கும், ஆனால் உள்ளே விடாமல் திரும்பத் திரும்ப லாகின் திரைக்கே தள்ளும். அந்தக் கோப்புகளின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றினால் போதும், மொத்த டிஸ்க்குக்கும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கொடுக்கும் வைத்தியம் மட்டும் வேண்டாம், அதற்குப் பிறகு சூடோவே வேலை செய்யாமல் போகலாம்.

கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் பகுதி நிறைந்துவிட்டது என்று செய்தி வந்தால் பழைய கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) கோப்புகளைக் கையால் அழிக்காமல், பேக்கேஜ்களை நிர்வகிக்கும் ஆப்ட்டின் ஆட்டோரிமூவைக் கொண்டு (sudo apt autoremove) அழியுங்கள், எதை விட்டுவைக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். உறைந்துபோன நிரலை எடுத்தவுடன் கில் 9 (kill -9, உடனே நிறுத்தும் கட்டளை) போட்டுக் கொல்லாதீர்கள், முதலில் சாதாரண கில், அது கோப்பை மூடிவிட்டுப் போக வாய்ப்புக் கொடுக்கும். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில் விண்டோஸ் நேரம் இரண்டு மணி பின்னால் காட்டினால் பேட்டரி போய்விட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். லினக்ஸ் கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது, தென்னாப்பிரிக்காவுக்கு வித்தியாசம் சரியாக இரண்டு மணி.

கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்ட் என்ற நிரல் இருக்கிறதே, எல்லாம் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது சிஸ்டத்தைத்தான் காக்கிறது, வீட்டு அடைவை நீங்களாகச் சேர்க்காவிட்டால் அது எடுக்காது. இப்போது நாங்கள் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளின் பாட்டுப் பதிவுகளையும் ஆயாவின் படங்களையும் தனி டிஸ்க்கில் நகலெடுத்து, எஜெக்ட் கொடுத்து, விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கழற்றுகிறோம். கரண்ட் அட்டவணையை அதற்கு முன்பே பார்த்துவிடுவோம்.