மூங்கில் துணி நாப்கின்: வாங்கிய அன்றே கட்டாதீர்கள்

தக்கலையில் எங்கள் வீட்டில் பிள்ளைக்கு முதன்முதலாக மூங்கில் துணி நாப்கின் கட்டிய அன்று, அரை மணி நேரத்தில் என் மடி நனைந்துவிட்டது. “பழைய வேட்டியக் கிழிச்சா போதாதா மக்களே” என்றார் அம்மா. துணியில் குறையில்லை, துவைக்காமல் கட்டியது என் தப்பு.

முதலில் லேபிளைப் பாருங்கள். மூங்கில் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் ஓரத்தில் விஸ்கோஸ் அல்லது ரேயான் என்று இருக்கும். மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்பைடு கொண்டு கரைத்து, அமிலத் தொட்டியில் இழையாக்கி எடுப்பதுதான் அது. கிருமியைக் கொல்லும் என்ற பேச்சுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த நிறுவனங்கள் மேல் அமெரிக்காவின் பெடரல் டிரேட் கமிஷன் 2009-லேயே நடவடிக்கை எடுத்தது. நாம் வாங்குவது மென்மைக்கும் ஈரம் உறிஞ்சுவதற்கும்தான்.

அடுத்தது துவைப்பது. உள்ளே வைக்கும் பேடை ஐந்தாறு தடவை துவைத்துக் காயப்போடுங்கள். அப்புறம் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் இன்னும் துவைக்க வேண்டும், உடனே உள்ளே இறங்கினால் கட்டலாம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் தேங்காய் எண்ணெய். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, குளிப்பாட்டும் முன்பே அவசரத்துக்கு ஒரு நாப்கினைக் கட்டிவிடுவோம், அந்த எண்ணெய் இழையில் படிந்து தண்ணீரை உள்ளே விடாது, பிறகு துணி சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவோம். எண்ணெய் நேரத்துக்குப் பழைய வேட்டித் துணியே போதும் (அம்மா சொன்னதும் சரிதான்). துணியை வழவழப்பாக்கும் கண்டிஷனரும் இதே வேலையைத்தான் செய்யும், வேண்டாம்.

கட்டும்போது ஆண் பிள்ளைக்கு முன்பக்கம் மடித்துத் தடிப்பாக்குங்கள், பெண் பிள்ளைக்கு நடுவில். இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், மலம் போனால் அப்போதே.

துவைக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்பு. முறுக்கிப் பிழியாதீர்கள், கொதிக்க வைக்கவும் வேண்டாம். விஸ்கோஸ் ஈரத்தில் பலம் குறைந்துவிடும்.

காய்வதுதான் பெரிய பாடு. நமக்கு ஜூனில் ஒரு மழை, அது போய் மூச்சுவிடும் முன் ஐப்பசியில் இன்னொன்று. பருத்தியைவிட இது மெதுவாகத்தான் காயும், அதிலும் நாலைந்து அடுக்கு சேர்த்துத் தைத்த பேடு மழைநாளில் மறுநாள்கூடக் காயாது, அதனால் விரித்துப் போடக்கூடிய மடிப்பு வகையையே வாங்குங்கள், எண்ணிக்கையிலும் கொஞ்சம் கூடுதலாக. எடுத்து மடிக்கும் முன் தையல் ஓரத்தை விரலால் நசுக்கிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் திரும்பக் கொடியில் போடுங்கள்.